குவளையின் அடியும் பழைய பெல்ட்டும்: வீட்டில் கத்தி தீட்டுவது பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: "வீட்டில் சாணைக்கல் இல்லை. காபிக் குவளையைக் கவிழ்த்து அதன் அடியில் கத்தியைத் தீட்டினேன், உப்புத்தாளிலும் தேய்த்தேன். அன்றைக்கு நன்றாக வெட்டியது, இரண்டே நாளில் மறுபடி மழுங்கிவிட்டது. கடைசியில் பெல்ட்டில் இழுத்தால்தான் கூர் நிற்கும் என்கிறார்கள். இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா, இல்லை ஒழுங்கான கல்லை வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

பயன்படும். உங்கள் கத்தி இரண்டு நாளில் மழுங்கியதற்குக் குவளையும் காரணமில்லை, உப்புத்தாளும் காரணமில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கத்தியின் வாயில் பிசிறு நின்றிருக்கிறது, அதை எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். கத்தி தீட்டுவதில் பாதிக்கு மேல் இந்தப் பிசிறு பற்றிய விஷயம்தான். அதை எழுப்பத் தெரிய வேண்டும், எழுந்ததா என்று விரலுக்குத் தெரிய வேண்டும், அப்புறம் அதை எடுக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் பிடிபட்டால் குவளையின் அடியே போதும். பிடிபடாவிட்டால் எவ்வளவு நல்ல கல்லை வாங்கினாலும் இதே இரண்டு நாள் கதைதான். எனக்கு இது புரியவே சில வருடங்கள் ஆயின. அதனால் கருவிகளைப் பற்றிப் பேசுமுன் பிசிறைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கத்தியின் வாய் என்பது இரண்டு பக்கச் சரிவுகளும் வந்து சேரும் கோடு. கத்தி மழுங்குகிறது என்றால் அந்தக் கோடு தேய்ந்து உருண்டுவிட்டது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆங்காங்கே உதிர்ந்துவிட்டது என்று பொருள். நாம் ஒரு பக்கச் சரிவைத் தேய்த்துக்கொண்டே போகும்போது அந்தச் சரிவு மெல்ல மெல்ல வாய்க்கோட்டை எட்டுகிறது. எட்டிய பிறகும் தேய்த்தால், அங்கே எஃகு மிக மெல்லியதாக இருப்பதால் அறுந்து விழாமல் வளைந்து மறுபக்கமாகச் சாய்கிறது. அப்படிச் சாய்ந்து நிற்கும் மெல்லிய விளிம்புதான் பிசிறு. பட்டறையில் இரும்பை அறுத்தால் ஓரத்தில் கையைக் கிழிக்கும்படி நிற்குமே, அதேதான். இங்கே அது மிக மிகச் சின்னது.

அதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் அறிவது சுலபம். கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கம் வைத்து, வாயை நோக்கித் தடவி, வாயைத் தாண்டி வெளியே கொண்டுபோங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் தடவக் கூடாது. குறுக்காக, வெளிப்பக்கமாக மட்டும்தான். பிசிறு இல்லாத பக்கத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிசிறு உள்ள பக்கத்தில் கடைசி நொடியில் தோல் எதிலோ மாட்டிக்கொண்டது போல ஒரு சின்னத் தடை தெரியும். முதல்முறை தெரியாமல் போகலாம். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அதே மாதிரி தடவிப் பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று கத்திகள் தீட்டிய பிறகு பஞ்சு தேவைப்படாது.

இப்போது உங்கள் கத்திக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பிசிறு நேராக நிமிர்ந்து நிற்கும்போது அது அபாரமாக வெட்டும், காகிதத்தைக்கூடக் கிழிக்காமல் அறுக்கும். நீங்களும் திருப்தியாகக் கத்தியை வைத்துவிடுவீர்கள். ஆனால் அது தகடு மாதிரி மெல்லியது, பின்னால் தாங்க எதுவும் இல்லை. வெட்டும் பலகையில் சில தடவை பட்டதும் மடங்கிவிடும், அல்லது ஒடிந்து விழுந்துவிடும். ஒடிந்த இடத்தில் மிஞ்சுவது கூரான கோடு அல்ல, கிழிந்த தகரத்தின் ஓரம் போன்ற ஒன்று. "தீட்டினேன், ஆனால் நிற்கவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். பிசிறு எழுந்ததா என்றே பார்க்காமல் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து என்று எண்ணித் தேய்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: தேய்ப்பு வாயை எட்டவே இல்லை, வாய்க்கு மேலே சரிவு தொடங்கும் இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள், மறுபக்கத்தில் பிடியிலிருந்து முனைவரை முழு நீளத்துக்கும் பிசிறு விரலில் தட்டும் வரை. அதற்குப் பத்து இழுப்பும் ஆகலாம், நூறும் ஆகலாம். மழுங்கலைப் பொறுத்தது. பெரும்பாலும் நடுப்பகுதியில் சீக்கிரம் வந்துவிடும்; முனையிலும் பிடிக்குப் பக்கத்திலும்தான் வராமல் இழுத்தடிக்கும். அந்த இடங்களை மட்டும் தனியாகக் கவனித்துத் தேய்க்கலாம். முழு நீளமும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். மறுபக்கம் தேய்த்தால் பிசிறு இந்தப் பக்கமாகச் சாயும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் பிசிறை இங்கும் அங்கும் சாய்த்து, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்து, அது மெலிந்து மெலிந்து இல்லாமல் போகும்படி செய்வதுதான்.

அழுத்தம் என்று சொன்னேன். அதைச் சொல்லில் விளக்குவது கஷ்டம், ஆனால் சமையலறைத் தராசு இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் தடித்த அட்டையைப் போட்டு, கத்தியை அதில் இழுத்துப் பாருங்கள். மழுங்கிய கத்தியில் பிசிறு எழுப்பும் கட்டத்தில் ஒரு கிலோ அளவுக்குக் காட்டினால் சரி. திருப்பிய பிறகு அரைக் கிலோ. கடைசிச் சில இழுப்புகளில் 100 கிராம், அதாவது ஏறத்தாழ கத்தியின் எடையளவு, சில சமயம் அதைவிடக் குறைவு. முதன்முதலாகத் தராசில் வைத்துப் பார்த்தபோது, நான் லேசாக இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த இழுப்பு இரண்டு கிலோவைத் தொட்டது. அன்றிலிருந்து என் கத்திகளின் கூர் மாறிவிட்டது.

அடுத்தது கோணம். சமையலறைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை என்பது வழக்கமான அளவு. மெல்லிய, கடினமான எஃகுக் கத்திக்கு 15 பக்கம் போகலாம். மென்மையான எஃகுக்கும், எலும்பு, கெட்டியான ஓடு போன்றவற்றில் படும் கத்திக்கும் 20 நல்லது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளின் மூலை 90 பாகை. அதை ஒரு முறை மூலைவாட்டில் மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5, இன்னொரு முறை 11.25. இரண்டு முறை மடித்த ஆப்பை மேசையில் நிறுத்தி, கத்தியை அதற்குப் பக்கத்தில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 18 பாகை. இன்னும் துல்லியம் வேண்டுமானால் உயரத்தை அளக்கலாம்: வாயிலிருந்து முதுகுவரை 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு, முதுகின் நடு சுமார் 11.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் 15 பாகை, 15.5 மில்லிமீட்டரில் நின்றால் 20 பாகை. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கிக் கத்தியின் முதுகை அதன் மேல் சாய்த்துப் பார்த்தால் கைக்கு அந்த நிலை பழகிவிடும்.

சொல்லப்போனால் பாகையின் துல்லியத்தைவிட, எடுத்த கோணம் கடைசிவரை மாறாமல் இருப்பது முக்கியம். அதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும். சரிவு முழுவதும் கறுப்பு மையைப் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் கத்தியை அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். மேலே மட்டும் போய் வாயோரத்தில் அப்படியே இருந்தால் தாழ்த்திவிட்டீர்கள். முழுதும் ஒரே சீராகப் போயிருந்தால் கோணம் சரி. தொடங்கும்போது ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் ஒரு முறை மை பூசிப் பாருங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும். ஆனால் தவறான கோணத்தில் அரை மணி நேரம் தேய்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, இனிக் கருவிகள்.

குவளையிலிருந்தே தொடங்குகிறேன். பீங்கான் குவளையைக் கவிழ்த்தால் அடியில் ஒரு வளையம் இருக்கும். சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த வளையத்தில் மெருகு பூசாமல் விடுவார்கள். நமக்கு வேண்டியது அந்த மெருகில்லாத, லேசாகச் சொரசொரக்கும் வெளுத்த பகுதி. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தால் அந்தக் குவளை உதவாது. நன்றாகச் சுட்ட பீங்கான் கத்தி எஃகைவிடக் கடினமானது, அதனால் எஃகை உண்மையிலேயே தேய்க்கிறது. இதற்கு ஆதாரம் வளையத்திலேயே தெரியும்: நாலைந்து இழுப்பில் அதன் மேல் கறுப்புக் கோடு படியும். அது கத்தியிலிருந்து வந்த இரும்பு.

ஈரத்துணியை மேசையில் விரித்து அதன் மேல் குவளையைக் கவிழ்த்து வையுங்கள், நகராது. ஒரு கையால் குவளையின் பக்கத்தைப் பிடிக்கும்போது விரல்கள் வளையத்தைவிட நன்றாகத் தாழ்ந்து இருக்க வேண்டும். இந்த வேலையில் நடக்கும் காயங்களில் பல, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆள்காட்டி விரலில்தான். கத்தியின் பிடிப்பக்கத்தை வளையத்தில் வைத்து, வளையத்தின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பது போல வாய் முன்னே போகும்படித் தள்ளிக்கொண்டே, முனைவரை இழுத்து வாருங்கள். வளையம் குறுகலானது. கத்தி ஒரு புள்ளியில்தான் படுகிறது, அதனால் லேசாக அழுத்தினாலே அந்தப் புள்ளியில் பலமாக விழும். கல்லில் கொடுக்கும் அழுத்தத்தில் பாதி கொடுத்தால் போதும். முனை வளையத்தை விட்டுச் சறுக்கி விழாமல், அதன் மேலேயே இழுப்பு முடியட்டும். சறுக்கினால் முனை உருண்டுவிடும்.

காதையும் வைத்துக்கொள்ளுங்கள். கோணம் சரியாக இருக்கும்போது வரும் சத்தம் ஒரே சீரான மெல்லிய கீறல். கத்தி தாழ்ந்துவிட்டால் சத்தம் மங்கிப்போகும், தூக்கிவிட்டால் கரகரக்கும். கறுப்பு படிந்து வழுக்கத் தொடங்கினால் பாத்திரம் தேய்க்கும் பொடியைப் போட்டுக் கழுவுங்கள், வளையம் மறுபடி பிடிக்கும்.

குவளையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதன் சொரசொரப்பு நைசானது. கொஞ்சம் மங்கிய கத்தியை மறுபடி கூராக்க அது நல்ல கருவி. ஆனால் மாதக்கணக்கில் தீட்டாமல் உருண்டுபோன கத்தியை, அல்லது வாயில் பல் விழுந்த கத்தியை, குவளையில் சரிசெய்ய முயன்றால் கை ஓய்ந்துவிடும். ஆள் சலித்துப்போய், பிசிறு வருமுன்பே நிறுத்திவிடுவார். அங்கேதான் உப்புத்தாள் வருகிறது.

உப்புத்தாள் என்றால் மரத்துக்குப் போடும் பழுப்புத் தாள் அல்ல. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள், வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாட்டர் பேப்பர் என்பார்களே, அது. அதில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. பொருட்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரம்பிரிக்கும் மோஸ் அளவில் 9க்கு மேல். கடினமாக்கிய எஃகு அதே அளவில் 6, 7க்குள்தான் வரும். அதனால் எந்தச் சமையலறை எஃகையும் அது தயங்காமல் தேய்க்கும். தாளின் பின்புறம் அச்சிட்ட எண் கூடக்கூட அதில் ஒட்டியிருக்கும் தேய்ப்பு மணி சிறிதாகும். பி400 தாளில் மணியின் சராசரி அளவு சுமார் 35 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), பி1000இல் 18, பி2000இல் 10. கற்களின் எண்ணும் தாளின் எண்ணும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். 1000 எண்ணுள்ள ஜப்பானியக் கல், பி1000 தாளைவிட நைசானது. எங்கோ "1000இல் முடியுங்கள்" என்று படித்துவிட்டுத் தாளிலும் அதே எண்ணை எடுத்தால் எதிர்பார்த்த நைசு கிடைக்காது.

தாளுக்கு அடியில் தட்டையான, கெட்டியான ஒன்று வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டு, மெருகான தரை ஓடு, இரண்டில் எது இருந்தாலும் சரி. அதன் மேல் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதில் ஒரு விதி கட்டாயம்: முதுகு முன்னே, வாய் பின்னே. வெண்ணெய் தடவும் திசையில், வாயை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தாள் கிழியும், கத்தியின் கூரும் கெடும். இழுப்பின் முடிவில் மணிக்கட்டைத் திருப்பித் தூக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஒரு அசைவு, அதுவரை செய்த வேலையைக் கெடுத்துவிடும், ஏனென்றால் அப்போது வாய் செங்குத்தாகத் தாளில் உரசுகிறது. கத்தியை நிறுத்துங்கள், பிறகு நேராக மேலே எடுங்கள்.

இன்னொன்று, தாள் மென்மையானது. அழுத்தினால் கத்திக்குக் கீழே அமுங்கி, வாய்க்குப் பின்னால் ஒரு அலை போல எழும்பும். அந்த அலை வாயை உருட்டிவிடும். அதனால்தான் அடியில் பஞ்சு வைத்த தேய்ப்புக் கட்டைகள் இதற்கு ஆகாது. அழுத்திச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பதைவிட, தாள் தேய்ந்ததும் மாற்றுவது நல்லது. சிலிக்கன் கார்பைடு மணிகள் கடினமானவை, ஆனால் எளிதில் நொறுங்குபவை. ஒரே இடத்தில் சில பத்து இழுப்புகள் போனதும் அந்த இடம் முன்பு போலப் பிடிக்காது. தாளின் வேறு பகுதிக்கு நகருங்கள்.

மழுங்கிய கத்திக்கு பி400இல் பிசிறு எழுப்பி, பி1000இல் அதை மெலியவைத்து, அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. பல் விழுந்திருந்தால் பி220இல் தொடங்க வேண்டும். கண்ணாடி போல மின்னும்வரை பி2000க்கும் அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு. சவரக் கத்திக்கும் மரம் செதுக்கும் உளிக்கும் அது தேவை. சமையலறைக் கத்திக்கு அவ்வளவு வேண்டாம். தக்காளியின் தோல் மாதிரி வழுக்கும் பரப்பில் கத்தியை இழுத்து அறுக்கும்போது, வாயில் மிச்சமிருக்கும் மிக நுண்ணிய பற்கள்தான் முதலில் பிடிக்கின்றன. மிகவும் மெருகேற்றிய வாய் சில சமயம் அங்கே வழுக்கிவிடும். அந்தப் பற்கள் வேறு, பிசிறு வேறு. பற்கள் இருக்கட்டும், பிசிறு போகட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் மேல் விளிம்பில் தீட்டுவதைப் பலர் செய்து காட்டுகிறார்கள். கண்ணாடியின் கடினத்தன்மை மோஸ் அளவில் 5.5 பக்கம்தான், எஃகைத் தேய்க்க அது போதாது. சாய்ந்த வாயை நிமிர்த்தும், அவ்வளவுதான். தவிர, பதப்படுத்திய கண்ணாடிக்கு அதன் விளிம்புதான் பலவீனமான இடம். நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். செங்கல், சிமென்ட் தரை போன்றவற்றில் மணி ஒரே அளவில் இருக்காது; ஒரு பெரிய மணி வாயைப் பிளந்துவிட்டால் அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் போய்விடும். மண்வெட்டிக்கு ஓகே, கத்திக்கு வேண்டாம். இரும்பு அரம் மென்மையான எஃகைக் கடிக்கும், ஆனால் நல்ல கத்தியில் வழுக்கும், அல்லது ஆழமாகக் கீறிவிடும்.

இப்போது பெல்ட். தோலில் இழுப்பதால் கத்தி கூராகிறது என்று சொல்வது பாதி உண்மை. தீட்டாத கத்தியை எவ்வளவு நேரம் தோலில் இழுத்தாலும் அது கூராகாது, ஏனென்றால் தோல் எஃகைத் தேய்க்காது. தீட்டிய கத்தியில் மிஞ்சியிருக்கும் மெல்லிய பிசிறை நிமிர்த்துவதும், முன்னும் பின்னும் சாய்த்துச் சோர்வடையச் செய்து உதிர்ப்பதும்தான் தோலின் வேலை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஜான் வெர்ஹோவன் 2004இல் இதையெல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். வெறும் தோலில் இழுத்தபோது வாயில் பெரிய மாற்றம் இல்லை. குரோமியம் ஆக்சைடு என்ற தேய்ப்புப் பொடி பூசிய தோலில் இழுத்தபோது வாய் நன்றாகவே மேம்பட்டது. என் அனுபவமும் அதுதான். வெறும் பெல்ட் தினப்படிப் பராமரிப்புக்கு உதவும். ஆனால் உங்கள் கத்தியில் இருந்த மாதிரிப் பிசிறை எடுக்க, தோலின் மேல் ஏதாவது தேய்ப்புப் பொடி இருக்க வேண்டும்.

"தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது" என்று நன்றி கெட்டவர்களைச் சொல்வோம். அந்தப் பழமொழியில் வருவது கல் அல்ல, மரம். பலகையில் மணலைத் தூவி அதில் அரிவாள் தீட்டியதன் நினைவு அது. தோலும் தேய்ப்புப் பொடியும் சேர்ந்து செய்வதும் அதே வேலைதான்: தாங்குவதற்கு ஒரு பரப்பு, தேய்ப்பதற்கு ஒரு பொடி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, எஃகைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆனாலும் வேலை நடந்தது.

பொடிக்கு எங்கே போவது? வாகன உதிரிப்பாகங்களோடு விற்கும் மெட்டல் பாலிஷ் பசைகளில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு இருக்கும், நன்றாக வேலை செய்யும். பச்சை நிறக் கட்டியாக வரும் மெருகு மெழுகில் குரோமியம் ஆக்சைடு இருக்கும், அது இன்னும் நைசு. இரண்டில் எதைப் போட்டாலும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சமையலுக்கு எடுக்க வேண்டும். பற்பசையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பற்பசையில் உள்ள கால்சியம் கார்பனேட் மோஸ் அளவில் 3. பல்லைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே மென்மையாக வைத்த பொருள் எஃகை என்ன செய்துவிடும்? சிலிக்கா கலந்த பற்பசை கொஞ்சம் தேவலை, ஆனாலும் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

தோல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. தானியப் பெட்டி போன்ற மெல்லிய அட்டையின் அச்சிடாத பக்கம் நல்ல பரப்பு. செய்தித்தாளும் நல்லது, காகிதத்தில் கலந்திருக்கும் களிமண்ணும் சுண்ணமும், மையில் உள்ள கரியும் சேர்ந்து லேசாக மெருகேற்றும். எதுவானாலும் கெட்டியான மரப்பலகை மேலோ கண்ணாடி மேலோ ஒரே அடுக்காக விரித்து, அசையாமல் ஒட்ட வேண்டும். பெல்ட்டை ஒரு முனையில் கட்டி மறுமுனையைக் கையில் பிடித்து இழுப்பது பார்க்க அழகு. ஆனால் தொய்ந்த தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். பெல்ட்டையும் பலகையில் ஒட்டிவிடுங்கள், சொரசொரப்பான உட்புறம் மேலே இருக்கட்டும், அதில்தான் பசை தங்கும். ஜீன்ஸ் துணி அதைவிட மென்மை, அதனால் இன்னும் லேசாக இழுக்க வேண்டியிருக்கும்.

கோணத்தைக் கண்டுபிடிக்க: கத்தியைப் படுக்கவைத்துப் பின்னோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே முதுகைச் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். ஓரிடத்தில் வாய் தோலைப் பிடிப்பது தெரியும். அதுதான் கோணம், அதற்கு மேல் தூக்கக் கூடாது. இங்கேயும் முதுகு முன்னே, வாய் பின்னே. கத்தியின் எடையளவு அழுத்தம். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பிறகு விரலால் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கமும் தட்டாமல் இருந்தால் பிசிறு போய்விட்டது. ஒரு பக்கம் இன்னும் தட்டினால் மறுபடி குவளைக்கே போய், பிசிறு உள்ள பக்கத்தில் மிக மிக லேசாக இரண்டு இழுப்பு, மறுபக்கம் ஒன்று, பிறகு தோல். பிசிறு பிடிவாதமாக இருந்தால் அந்த இரண்டு இழுப்பை மட்டும் வழக்கமான கோணத்தைவிடச் சற்றுத் தூக்கி இழுக்கலாம். பெரும்பாலும் அதில் அறுந்துவிடும்.

கூர் வந்ததா என்று பார்க்கக் கையில் உள்ள மயிரைச் சிரைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பிசிறும் சிரைக்கும், அதனால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. இரண்டு வேறு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, விளக்கடியில் வாயை மேல்நோக்கிப் பிடித்து, நேராக வாய்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே கத்தியை மெல்ல அசையுங்கள். கூரான வாயில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. எங்கெல்லாம் வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னுகிறதோ அங்கெல்லாம் மழுங்கல், அல்லது மடங்கிய பிசிறு. இரண்டாவது, ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் மிக லேசாக ஓரிரு முறை குறுக்காக வெட்டிவிட்டு, அதன் பிறகு செய்தித்தாளைத் தொங்கப் பிடித்து அறுத்துப் பாருங்கள். கட்டையில் வெட்டுமுன் அறுத்து, வெட்டிய பின் அறுக்காமல் போனால், அதுவரை அறுத்தது பிசிறு.

இதில் சேராத கத்திகளும் உண்டு. வெள்ளைப் பீங்கான் கத்திகள் சிர்கோனியா என்ற மிகக் கடினமான பொருளால் ஆனவை. குவளையோ உப்புத்தாளோ அவற்றுக்குச் சரிவராது, வைரப் பொடி வேண்டும். ரொட்டி அறுக்கும் பல் கத்திக்கு, பி800 தாளைப் பென்சிலில் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தையும் சரிவுள்ள பக்கத்தில் மட்டும் தேய்த்து, தட்டையான பக்கத்தில் வரும் பிசிறைத் தோலில் எடுத்துவிடலாம். கத்தரிக்கோலின் உள்பக்கத்தைத் தொடவே கூடாது.

மின்சாரச் சாணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல கத்தியை அதில் இழந்திருக்கிறேன். தீட்டக் கொடுத்த கத்தி திரும்பி வந்தபோது முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. சாதாரண எஃகு 300 பாகை செல்சியஸ் பக்கம் சூடேறினால் அந்த நிறம் வரும். அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும். மற்ற இடமெல்லாம் ஒரு மாதம் கூர் நின்றது, அந்த இரண்டு விரல் இடம் மட்டும் மூன்று நாளில் மழுங்கியது. நீலம் போன பகுதி முழுதும் தேய்ந்து தீரும்வரை அப்படித்தான். கையால் தேய்ப்பதில் இந்த ஆபத்து இல்லை, எவ்வளவு வேகமாகத் தேய்த்தாலும் கத்தி அந்தச் சூட்டைத் தொடாது. குவளையையும் தாளையும் நான் இவ்வளவு தூரம் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீட்டிய கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது எங்கே வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், தன்னைவிடப் பல மடங்கு கடினமான சவரக் கத்தியின் வாயை மனித மயிர் எப்படி உதிர்க்கிறது என்று நுண்ணோக்கியில் காட்டினார்கள். மயிருக்கே அப்படியென்றால் கண்ணாடிப் பலகை, பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் வெட்டினால் வாய் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரப்பலகையோ மென்மையான பிளாஸ்டிக் பலகையோ போதும். வெட்டியதை ஒதுக்க வாயால் வாராமல் கத்தியைத் திருப்பி முதுகால் வாருங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் எங்கள் வீட்டில் தீட்டும் இடைவெளியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது.

கல் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உடனே வேண்டாம். ஒரு பழைய கத்தியை எடுத்துக்கொண்டு குவளை, தாள், அட்டை மூன்றையும் வைத்து இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். பிசிறை எழுப்பவும் எடுக்கவும் கை பழகிய பிறகு, வீட்டில் கத்திகள் அதிகம் இருந்து தாள் மாற்றி மாற்றிச் சலித்துப்போனால், 1000 எண்ணுள்ள தண்ணீர்க்கல் ஒன்று வாங்கலாம். அது அகலமானது, வேலை சீக்கிரம் முடியும், கிடைக்கும் கூர் இதே கூர்தான். அதற்கு முன், மழுங்கிப்போன அந்தக் கத்தியை இன்றைக்கே விளக்கடியில் பிடித்து வாய்க்கோட்டைப் பாருங்கள். அட்டையில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்துவிட்டுக் காகிதத்தை அறுத்துப் பாருங்கள். மறுபடி அறுத்தால் அங்கே கிடப்பது மடங்கிய பிசிறு. குவளையில் லேசான சில இழுப்புகளோடு வேலை முடிந்துவிடும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் வாய் உண்மையிலேயே உருண்டிருக்கிறது, பி400 தாளில் தொடங்குங்கள்.